ஐம்பத்து மூன்று நண்டுக் கடன்

1

அவன் தன் அண்ணிக்குத் தரவேண்டியிருந்தது ஐம்பத்து மூன்று நண்டுகள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இந்தக் கதை பிறந்ததே அந்தக் கணக்கிலிருந்துதான். ஒரு வாளி மூடியின் உட்புறம், ஆணியால் கீறிய ஐம்பத்து மூன்று கோடுகள். அந்த மூடியைக் கவிழ்த்து மடியில் வைத்து, அதன் மேல் தாளை விரித்துத்தான் இதை எழுதுகிறேன். கோட்டின் மேல் பேனா ஏறும்போதெல்லாம் எழுத்து ஒரு துள்ளு துள்ளுகிறது.

'நான்' என்று தொடங்கி மூன்று தாள் கிழித்தாயிற்று. 'நான்' என்று எழுதினால் கை என்னைக் கொஞ்சம் உயரமாக்கிவிடுகிறது. ஆகவே 'அவன்'. சிமெண்டு மூட்டை இறக்குகிறவன், நாற்பத்தாறு வயது. அவன் யார் என்று நீங்கள் ஊகித்தால் ஊகித்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் ஆட்சேபம் இல்லை.

2

முதல் தொடக்கம்: "அன்று கடல் நீலமாக" (நிறுத்திவிட்டேன். கடல் அன்று விளக்காத அலுமினியச் சட்டி மாதிரி இருந்தது. நண்டுக்கு நிறத்தைப் பற்றிக் கவலையும் இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: "அண்ணிக்கு ராசியான கை."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மரப் பாலத்துக்கு வருகிற எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள். பொழுதுபோக்குக்கு நண்டு பிடிக்க வருகிறவர்கள்தான். பிடிபட்டால் ஒரு வேளைக் குழம்பு, இல்லாவிட்டால் ஒருவாரக் கேலி. பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார், வாய் சும்மா இருக்காது.

"என்ன தலைவரே, இன்னிக்கும் தண்ணிய அளந்து பாத்துட்டுப் போறதுதானா?" என்பார் அவனிடம். அண்ணியின் வாளியை எட்டிப் பார்த்து, "அக்கா, உங்க கைய ஒருநாள் வாடகைக்கு விடுங்க" என்பார்.

"விடலாம். இஸ்திரிப் பெட்டியும் சேந்து வரும், பரவாயில்லையா?" என்பார் அண்ணி.

அண்ணி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவர். நாளுக்கு இருநூறு விரிப்பு. அண்ணன் காவலாளி, ஞாயிறு மத்தியானம் வரை தூக்கம். அதனால் கொழுந்தனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பாலத்துக்கு வருவார்.

ராசி என்பது பொய் என்று எனக்குத் தெரியும். அதனால் இரண்டாம் தொடக்கத்தையும் அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்றுதான் விட்டுவைத்திருக்கிறேன்.

3

உண்மையில் அவர் செய்தது இவ்வளவுதான். கட்டுரை மாதிரித் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஏறி முடித்து, இறங்குவதற்கு முன் ஒரு மூச்சுவிடும் நேரம் இருக்கிறதே, அப்போது கயிற்றை இறக்குவார். ஓடுகிற தண்ணீரில் நண்டுக்கும் நடக்கச் சிரமம். நெய் கசியும் மீன் தலையை வெங்காயம் வரும் வலைப்பைக்குள் வைத்துக் கட்டுவார். நண்டு பிய்த்துக்கொண்டு ஓட முடியாது, பிய்க்கிற மும்முரத்தில் பிடியையும் விடாது. தன் நிழல் தண்ணீரில் விழாத பக்கமாக நிற்பார். கயிற்றை இழுப்பது, தூங்குகிற குழந்தையின் கைக்குள்ளிருந்து சேலை நுனியை உருவுகிற மாதிரி இருக்கும். நண்டு மேலே வந்ததும் கைவலையை அடியிலிருந்து கொண்டுவருவார்.

எல்லாவற்றையும்விட ஒன்று. கயிற்றை விரலில் பிடிக்க மாட்டார். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வார்.

"விரலெல்லாம் இஸ்திரி தின்னுடுச்சு தம்பி. இங்கதான் இன்னும் தோலுன்னு ஒண்ணு மிச்சம் இருக்கு. இங்கதான் தெரியும், வந்திருக்கது நண்டா, அலையான்னு."

அவன் கை சிமெண்டில் காய்த்த கை. நண்டு வந்து தின்று, கைகழுவிப் போனாலும் அதற்குத் தெரியாது. இதை அவராகச் சொல்லித்தரவில்லை. இரண்டு வருடம் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, ஒருநாள் அவனாகவே கேட்டுத் தெரிந்துகொண்டான்.*

* வாளியில் தண்ணீர் நிரப்பி வைத்தால் நண்டு பிழைக்கும் என்று அவன் நினைத்திருந்தான். தேங்கிய தண்ணீரில் மூச்சடைத்துச் செத்துப்போகும். ஈரச் சாக்குதான் போட வேண்டும். இதையும் பல நண்டுகள் செத்த பிறகுதான் கற்றான்.

4

இவ்வளவு தெரிந்தும் அவனுக்கு ஏன் கிடைக்கவில்லை? இங்கேதான் கதை என்னைக் கடிக்கிறது.

பாலத்தின் நடுவில் ஒரு பலகை. சிவப்பு எழுத்து. முதல் ஞாயிறு அந்தப் பலகையைக் கண்டதும் அவன் நின்றுவிட்டான்.

"அதுக்கு மேல போகக் கூடாது அண்ணி, போர்டு போட்டிருக்காங்க."

அண்ணி பலகையைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். "சரி தம்பி, இங்கயே நிப்போம்" என்றார்.

நான்கு வருடம் இங்கேயே நின்றார்கள். முட்டளவு ஆழம், வெறும் மணல். பலகையைத் தாண்டிப் போய்த் தூண்களுக்கிடையே வாளி வாளியாக அள்ளுகிறவர்களைப் பார்த்து, 'சட்டத்துக்குப் பயப்படாத ஜனம்' என்று அவன் மனதுக்குள் ஏசுவான். தன் நேர்மையில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்த வெறும் மணலிலும் அண்ணி ஒவ்வொரு ஞாயிறும் நான்கைந்து பிடித்தார் என்பதை இங்கே எழுதாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அவனுக்கு ஒன்றும் அகப்படாத நாளில், அவன் இரை கட்டக் குனிந்திருக்கும் நேரமாகப் பார்த்து, தன் வாளியிலிருந்து ஒன்றை எடுத்து அவன் வாளியில் போடுவார். வீட்டில் பிள்ளைகள் மூடியைத் திறந்து பார்ப்பார்கள் அல்லவா? அவனுக்குத் தெரியும். தெரியாத மாதிரி குனிந்தே இருப்பான். வீட்டுக்குப் போய் ஒரு கோடு கீறுவான். எண் எழுதத் தெரியாது.

5

(இந்தப் பகுதியை ஒன்பது தடவை எழுதினேன்.)

நாற்பத்தைந்தாம் வயதில், மூட்டை இறக்கும் கிடங்குக்குப் பக்கத்துப் பள்ளியில் பெரியவர்களுக்கு நடத்திய வகுப்பில் அவன் எழுத்துக் கற்றான். வீட்டில் மனைவிக்கு மட்டும் தெரியும். ஏழு மாதம் கழித்து ஒரு ஞாயிறு, பலகை முன்னால் போய் நின்றான்.

*நண்டு பிடிக்க விரும்புவோர் தூண் வரிசை வரை செல்லலாம். சிறியவற்றையும் முட்டை சுமப்பவற்றையும் திரும்ப விடவும்.*

செல்லலாம்!

அண்ணி ஆஸ்பத்திரி விரிப்புகளில் வார்டு பெயர் படித்து அடுக்குகிறவர். அவருக்கு முதல் நாளே தெரியும். அவனைப் 'படிக்கத் தெரியாதா' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடாமல் இருப்பதற்காக, நான்கு வருட ஞாயிற்றுக்கிழமைகளை வெறும் மணலில் போட்டிருக்கிறார்.

இப்போது எப்படி அந்தப் பக்கம் போவது? அவன் ஒரு பொய் தயாரித்தான்.

"அண்ணி, போர்ட மாத்திட்டாங்க போல."

பலகையின் ஓரமெல்லாம் துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. அண்ணி அந்தத் துருவைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"அப்படியா? என்னன்னு எழுதியிருக்காங்க?"

அவன் படித்தான். 'விரும்புவோர்' என்ற இடத்தில் ஒரு தடவை இடறினான். அண்ணி கயிற்றைச் சுற்றிக்கொண்டே கடைசி எழுத்து வரை கேட்டார். (அப்போது அவர் கண்ணில் ஒரு... இல்லை. நான் பார்க்கவில்லை. பார்க்காததை எழுத மாட்டேன்.)

"நல்லவேளை மாத்துனாங்க" என்றார். "நடங்க கொழுந்தனாரே, இடம் போயிடும்."

6

தூண்களருகே அவனுக்கும் அகப்படத் தொடங்கியது. கயிறு மணிக்கட்டில். அண்ணி இரை கட்டக் குனியும்போதெல்லாம் ஒரு நண்டை எடுத்து அவர் வாளியில் போட்டான். வீட்டில் ஒரு கோட்டுக்குக் குறுக்கே இன்னொரு கோடு. அண்ணி முன்னைவிட அடிக்கடி குனிந்தார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பிறகு அண்ணனுக்கு வேலை மாறியது. கடலே இல்லாத ஊர். கடைசி ஞாயிறு வந்தபோது மூன்று நண்டு பாக்கி.

முடிவு அ: மூன்றும் கிடைத்தன. (எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

முடிவு ஆ: ஒன்றும் கிடைக்கவில்லை, கடன் கடனாகவே நின்றது. (கண்டக்டர் மட்டும் சந்தோஷப்படுவார்.)

நடந்தது: இரண்டு கிடைத்தன, அண்ணி இரண்டு முறை குனிந்தார். தண்ணீர் இறங்கத் தொடங்கிய நேரத்தில் மணிக்கட்டில் ஒரு கனம். தூங்கும் குழந்தையிடமிருந்து உருவுகிற மாதிரி இழுத்தான். பெரிய நண்டு. திருப்பிப் பார்த்தான். வயிற்றின் கீழ் பொத்திப் பிடித்த முட்டைகள், ஆரஞ்சு நிறத்தில், ஒரு கைப்பிடி.

அண்ணி குனிந்துதான் இருந்தார். அவர் வாளி ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அதில் விரித்த சாக்கு ஈரமாக இருந்தது. அவன் கை நடுவில் நின்றது.

"விட்டுடுங்க தம்பி" என்றார் அண்ணி, நிமிராமலே. "அதோட ஐம்பத்து மூணு."

அவன் வாளியைப் பல தடவை கழுவிக் கொடுத்தவர் அவர். மூடியின் உள்பக்கக் கோடுகள் அவர் கண்ணுக்குத் தெரியாதா?

அவன் மண்டியிட்டு, நண்டைத் தண்ணீரில் மெதுவாக விட்டான். அது போயிற்று. கடன் தீர்ந்தது.

பலகையைப் பற்றி அவன் அப்போது ஏதாவது சொன்னானா, அல்லது இருவரும் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நடந்தார்களா என்பதை நான் எழுதப்போவதில்லை. அந்த இடத்தை உங்களுக்கென்று காலியாக விட்டிருக்கிறேன். ஆனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: என்ன எழுதினாலும், அண்ணியை நிமிர வைத்துவிடாதீர்கள்.