ஒன்பதாம் நம்பர் பனியன்

எங்கள் புட்பால் டீமில் ஒரு கிறுக்குச் சட்டம் இருந்தது. பனியன் ஆளுக்குச் சொந்தமில்லை, இடத்துக்குத்தான் சொந்தம். சென்டர் பார்வர்டு எவன் ஆடுகிறானோ அவனுக்குத்தான் ஒன்பதாம் நம்பர். ஆட்டத்தின் நடுவில் இடம் மாறினாலும் மைதானத்திலேயே நின்று பனியனைக் கழற்றி மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு தடவை வாசுதேவநல்லூரில் மாற்றாமல் ஆடி நாலு கோல் வாங்கினோம். அதிலிருந்து கேப்டன் சண்முகையா அண்ணாச்சிக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. நாலு கோல் வாங்கியது நம் ஆட்டத்தின் லட்சணம் என்று அவரிடம் நான்தான் சொன்னேன். ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம் சங்கரன்கோவிலில் எங்கள் ஊர் ஸ்கூல் மைதானத்தில் ராஜபாளையத்துக்காரர்களோடு பைனல். நாங்கள் எல்லாரும் விசைத்தறியில் வேலை பார்க்கிறவர்கள். நான் ரைட் பேக். வருகிறவன் காலிலிருந்து பந்தைப் பறிப்பேன், பறித்ததைத் தூர உதைப்பேன், அவ்வளவுதான் என் வித்தை. யாகூப் அப்படியில்லை. ஒன்பதாம் நம்பர் போட்டு அவன் ஓடினால் எதிராளியே ஒரு நிமிஷம் நின்று பார்ப்பான்.

அன்றைக்கு அவனுக்கு அது வெறும் பைனல் இல்லை. மதுரையில் ஒரு மில் தன் டீமுக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. எடுத்துவிட்டால் மில்லிலேயே நிரந்தர வேலை. அந்த டீமின் மேனேஜர் ஞானதுரை, யாகூப்பின் ஆட்டத்தைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். யாகூப்பை அவர் முன்னே பின்னே பார்த்ததில்லை, ஒன்பதாம் நம்பர் என்று மட்டும்தான் தெரியும். அவர் எடுக்காவிட்டால் யாகூப் வெள்ளிக்கிழமை பம்பாய்க்கு ரயிலேறி, அங்கிருந்து துபாய் போக வேண்டும். மாமா விசா வாங்கி வைத்துவிட்டார். தகப்பன் இல்லாத வீடு, ஒரே பிள்ளை. "நீ அங்கன போயிட்டா நான் மவுத்தானா மண்ணு போடக்கூட உன்னால வர முடியாதே வாப்பா" என்று அவன் உம்மா ஆயிஷம்மாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். மதுரை என்றால் வாராவாரம் வந்து போகலாம்.

ஆட்டம் தொடங்கியும் ஞானதுரை வரவில்லை. பஸ் கிடைத்ததோ என்னவோ. யாகூப் ஒரு கோல் போட்டான். அற்புதமான கோல். பார்க்க வேண்டியவர் வராத எரிச்சலில் எனக்குக் கைதட்டக்கூடத் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர்களும் ஒன்று போட்டுச் சமமாக்கினார்கள். அந்தக் கோலைத் தடுக்கப் பாய்ந்த எங்கள் கோல் கீப்பர் பிச்சையா எழுந்திருக்கவே இல்லை. போய்ப் பார்த்தால் மணிக்கட்டு ஒடிந்து கை ஒரு பக்கமாகத் தொங்கியது. மாற்றாள் எவனும் இல்லை. இருந்த ஒருத்தனையும் முன்னாலேயே இறக்கியாயிற்று.

நாங்கள் விழித்துக்கொண்டு நிற்கும்போதே யாகூப் தன் பனியனைக் கழற்றிவிட்டான்.

"கோலுக்கு நான் நிக்கேன்" என்றான்.

"உனக்குப் பைத்தியமாலே? இப்ப அந்த ஆளு வந்துருவாரு. நீ கம்பத்துக்கு நடுவுல நின்னா என்னத்தப் பார்ப்பாரு?" என்று கத்தினேன்.

"வேற யாருக்குலே பந்து பிடிக்கத் தெரியும்? நீ நிக்கியா?"

எனக்குத் தெரியாதுதான். யாருக்கும் தெரியாது. சண்முகையா அண்ணாச்சி யாகூப்பின் பனியனை வாங்கி என் மேல் எறிந்தார். "சங்கரு, நீ முன்னால போ. பனியனை மாத்து முதல்ல."

"வேண்டாம் அண்ணாச்சி. நம்பர் மாறினா அந்த ஆளு குழம்பிருவாரு."

"சட்டம் சட்டம்தான். போடுவே."

அவர் கழுத்தை நெரித்திருக்கலாம். போட்டுத் தொலைத்தேன்.

இடைவேளை முடிந்து ஆடத் தொடங்கியதும், வெள்ளைச் சட்டையில் ஒருத்தர் குடையோடு வந்து உட்காருவதைப் பார்த்தேன். ஞானதுரை. பத்துப் பேராக நாங்கள் மூச்சு வாங்க, நான் முன்னால் நின்று பந்து வந்தால் தடுமாறினேன். மற்ற நேரமெல்லாம் பழக்கதோஷத்தில் அவர்கள் காலில் இருந்த பந்தைப் பறித்துக்கொண்டிருந்தேன். பின்னால் யாகூப் விழுந்து விழுந்து தடுத்தான். கடைசியில் ஒருத்தன் கோலுக்கு முன்னால் தனியாக வந்துவிட்டான். யாகூப் அவன் காலிலேயே பாய்ந்து பந்தைக் கட்டிக்கொண்டான். அவன் பூட்ஸ் யாகூப்பின் கணுக்காலில் இறங்கியது. யாகூப் படுத்தபடியே பந்தை உருட்டிவிட, அது இரண்டு மூன்று கால்கள் மாறி வந்து என் முழங்காலில் பட்டுக் கோலுக்குள் போனது. சத்தியமாக நான் உதைக்கவில்லை.

விசில் ஊதியதும் கூட்டம் என்னைத் தூக்கிக்கொண்டது. இறக்கிவிட்ட இடத்தில் ஞானதுரை நின்றார். என் தோளில் கை போட்டார்.

"யாகூப், கோல் குருட்டாம்போக்குல விழுந்தது. ஆனா பந்தைப் பறிக்கிற பாரு, அது பிடிச்சிருக்கு. உன்னை பேக்குக்கு எடுத்தாச்சு. திங்கக்கிழமை மில்லுக்கு வந்துரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயைத் திறப்பதற்குள், "ஒம்பதாம் நம்பரை மில்லுக்கு எடுத்துட்டாங்க" என்று கூட்டத்தில் பாதி தெருப்பக்கம் ஓடிவிட்டது.

"சார், நான் யாகூப் இல்ல. என் பேரு கோமதிசங்கர். அங்கன உக்காந்திருக்கானே கீப்பரு, அவன்தான் யாகூப்." பனியன் கதையை உளறிக்கொட்டினேன். சண்முகையா அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். ஞானதுரை யாகூப்பிடம் போய், "ஒரு பந்து அடிச்சுக் காட்டு தம்பி" என்றார்.

யாகூப் எழுந்தான். காலை ஊன்றினான். அப்படியே மடங்கி விழுந்தான். கணுக்கால் இளநீர்க்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"நான் கண்ணால பார்த்தவனைத்தான் எடுக்க முடியும். இருந்தது ஒரே இடம்" என்றார் ஞானதுரை. அவர் முகமும் செத்துத்தான் போயிருந்தது. என்னைப் பார்த்து, "உனக்குச் சம்மதமா?" என்றார்.

"வேண்டாம் சார்" என்றேன்.

கீழே கிடந்த யாகூப் கைக்கு எட்டிய என் காலில் ஓங்கி அறைந்தான். "நான் துபாய் போறது போறதுதாம்லே. நீயும் இங்கன கெடந்து யாருக்கு என்ன ஆகப்போவுது? சரின்னு சொல்லு." நான் அழுதுகொண்டே சரி என்றேன்.

அவனைத் தோளில் சாய்த்து வீட்டுக்குக் கூட்டிப் போனேன். தெருமுனை திரும்பினோம். வாசல்படி தாண்டாத ஆயிஷம்மாள், முக்காடு நழுவியது தெரியாமல் தெருவில் நின்றாள். கையில் ஒரு கிண்ணம் சீனி. வீடு வீடாக, வருகிறவர் போகிறவர் வாயில் எல்லாம் போட்டுக்கொண்டிருந்தாள். "எம்புள்ள மதுரைக்குப் போறான். மதுரைக்குத்தான் போறான்."

யாகூப் நின்றுவிட்டான். "ஒம்பதாம் நம்பர்னு யாரோ வந்து சொல்லியிருக்காம்லே" என்றான். அவன் கை என் தோளில் இறுகியது.

அவள் சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். மகன் நொண்டுவதைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் பனியனைப் பார்த்தாள். அதைக் கழற்ற வேண்டும் என்று பாவி எனக்குத் தோன்றவே இல்லை.

"உம்மா" என்றான் யாகூப்.

ஆயிஷம்மாள் கிண்ணத்தில் மிஞ்சியிருந்த சீனியை வழித்து எடுத்தாள். அதை என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"வாயைத் தொற மக்கா. உனக்குள்ளது."