செயலாளர் முகம் மறைத்த வளைவு

ஊசி அக்காவின் மணிக்கட்டு உடைந்ததற்குக் காரணம் செயலாளரின் சிரிப்பு.

அந்தச் சிரிப்பு ஆளுயரத்துக்கு அச்சாகி, தெரு திரும்புகிற வளைவில் கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. 'மீண்டும் குடியிருப்போர் சங்கச் செயலாளராகும் எங்கள் வழிகாட்டியே, வருக!' என்று வாசகம். ஏற்கெனவே இதே தெருவில் குடியிருக்கிற மனுஷனை எங்கிருந்து வரச் சொல்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கீழே 'இவண்: நண்பர்கள்'. நண்பர்களின் முகங்கள் வட்ட வட்டமாக, தட்டில் அடுக்கிய அப்பளம் மாதிரி வரிசையாக இருந்தன.

ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள் ஊசி அக்கா. தெருவில் பாதிப் பேருக்கு ஊசி குத்தியிருப்பதால் அந்தப் பெயர். அன்று காலை ஸ்கூட்டரில் கிளம்பி வளைவில் திரும்பியபோது, செயலாளரின் தாடைக்குப் பின்னாலிருந்து தண்ணீர் கேன் வண்டி ஒன்று முளைத்தது. இரண்டு பேரும் பிரேக் போட்டார்கள். வண்டிகள் நின்றன. அவள் மட்டும் நிற்காமல் போய் விழுந்தாள்.

கட்டுப் போட்டு முடிந்ததும் கணவர் ஓடி வந்தார். பேனர் கடை வைத்திருக்கிறவர். வளைவில் தொங்கிய பேனரும் அவர் கடைச் சரக்குதான்.

"நல்லவேளை, தலையில அடிபடலை."

"அந்த பேனரை எதுக்குங்க போட்டுக் குடுத்தீங்க?"

"ஆர்டர் வந்துச்சும்மா. நான் சும்மா அடிச்சுக் குடுத்தேன், அவ்வளவுதான்."

"நல்லாவே அடிச்சிருக்கீங்க. வீங்கியிருக்கு பாருங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு மாத்திரை வாங்கப் போனார்.

சாயங்காலத்துக்குள் பேனர் மாயமாகிவிட்டது. அதைவிட வேகமாக, செயலாளர் அவசரக் கூட்டம் போட்டுவிட்டார். பொருள்: குடியிருப்புப் பகுதியில் பலகை, பேனர் கட்டுப்பாட்டு விதிகள்.

சங்க அறை மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் இருந்தது. மோட்டார் ஓடும்போது ஒருவர் பேசுவது அடுத்தவருக்குக் கேட்காது. அதனால்தான் அங்கே இத்தனை தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறின. ஊசி அக்கா கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். கணவர் கடைசி வரிசையில், கதவோரம் உட்கார்ந்தார்.

"இந்த பேனர் கலாச்சாரத்தை வேரோட பிடுங்கணும்!" என்று செயலாளர் மேசையைத் தட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓய்வதற்குள் பல் டாக்டர் எழுந்தார். "ரொம்ப சரி. ஆனா என் கிளினிக் போர்டு இதுல வராதில்ல? பல்வலியோட வர்றவன் வீடு தேடி அலையக் கூடாது பாருங்க."

அவர் போர்டில் இருந்த பல், வீட்டு வாசலைவிடப் பெரியது. இரவில் அது மினுக்மினுக்கென்று எரிந்து, எதிர்வீட்டார் படுக்கையறை வரைக்கும் வெளிச்சம் போடும்.

டியூஷன் டீச்சர் விடவில்லை. "என் கேட்ல தொங்கறதும் விளம்பரம் இல்லை. அது அறிவிப்பு."

"நூற்றுக்கு நூறு நிச்சயம்னு போட்டிருக்கே?"

"அதைத்தான் அறிவிக்கிறேன்."

அடுத்து பேங்க் சார். ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகியும், பார்த்த பதவிகளையெல்லாம் வரிசையாகக் கல்லில் வெட்டி வாசலில் பதித்து வைத்திருப்பவர். "பேர்ப்பலகைக்கு அளவு கிளவுன்னு ஆரம்பிக்காதீங்க. அது தனிமனித உரிமை."

"அதுல உங்க பேரைக் கண்டுபிடிக்கவே ஒரு ஆள் வேணும் சார்" என்றார் பல் டாக்டர்.

"அந்த பல்லு வெளிச்சத்துல தேடிக்கலாம்" என்றார் பேங்க் சார்.

பிறகு பேனர் என்றால் என்ன என்பதில் வந்து நின்றது விவாதம். துணியென்றால் பேனர், தகரமென்றால் போர்டு என்றார் ஒருவர். அப்படியானால் காயப்போட்ட பனியனில் எழுத்து இருந்தால் அது எதில் சேரும் என்றார் இன்னொருவர். செயலாளர் மிகுந்த கவலையோடு அதைக் குறித்துக்கொண்டார்.

ஊசி அக்கா எழுந்தாள். "பனியனை அப்புறம் பார்க்கலாம் சார். நான் விழுந்த வளைவுல பேனர் வெச்சது யாரு?"

செயலாளர் தொண்டையைச் செருமினார். "அது... நண்பர்கள் யாரோ ஆர்வத்துல..."

"எந்த நண்பர்கள்?"

எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

"டாக்டர், அதுல உங்க படம் இருந்துச்சே?"

"படம் என்னோடதுதான். ஆனா நான் குடுக்கலை."

"நானும்தான்" என்றார் டீச்சர். "அது பழைய படம். அந்தப் புடவைகூட இப்ப என்கிட்ட இல்லை."

பேங்க் சார் யோசித்தார். "எனக்கு அவர் நண்பரே இல்லையேம்மா. தெருக்காரர், அவ்வளவுதான்."

தம் கண்ணெதிரே நட்பு வட்டம் இப்படிக் கரைவதைப் பார்த்துச் செயலாளர் முகம் சுண்டிப்போயிற்று. ரத்தப் பரிசோதனைக்கு வந்து, ஊசியைக் கண்டதும் இதே முகத்தோடு அவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது ஊசி அக்காவுக்கு நினைவு வந்தது. பாவமாகக்கூட இருந்தது. அதற்காக விட முடியுமா? பின்வரிசைப் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, ஆர்டர் யார் குடுத்தா?"

கணவர் கதவைப் பார்த்தார், செயலாளரைப் பார்த்தார், மனைவியின் கட்டைப் பார்த்தார். "போன்ல வந்துச்சு."

"யார் போன்ல?"

"...சார் போன்லதான்."

"என் போனை வீட்ல எல்லாரும்தான் எடுப்பாங்க!" என்று செயலாளர் கத்தினார். நல்லவேளையாக அப்போது மோட்டார் ஓட ஆரம்பித்தது.

அந்த இரைச்சலிலேயே விதிகள் நிறைவேறின. பல்லுக்கு விலக்கு, அறிவிப்புக்கு விலக்கு, பேர்ப்பலகைக்கு விலக்கு. மற்ற எதற்கும் செயலாளரின் அனுமதி வேண்டும். கடைசியில் ஊசி அக்கா ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்: வளைவில் எது வைத்தாலும் எதிரே வரும் வண்டி தெரிய வேண்டும், தெரியாவிட்டால், தெரிகிற அளவுக்கு யார் வேண்டுமானாலும் வெட்டலாம். எல்லோருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம். செயலாளரே வாசித்துக் கையெழுத்துப் போட்டார்.

கொஞ்ச நாளில் அதே வளைவில் புது பேனர். 'பேனர் தொல்லையை ஒழித்த புரட்சிச் செயலாளருக்கு நன்றி! நன்றி!' ஓரத்தில், 'அனுமதி பெறப்பட்டது'. அனுமதி கேட்டதும் அவர்தான், யோசித்துக் கொடுத்ததும் அவர்தான்.

"சத்தியமா நான் அடிக்கலை" என்றார் கணவர் அவசரமாக. "வேற கடைக்குப் போயிட்டார். அன்னைக்கு வாயைத் திறந்தேன்ல, அதுக்கு."

அந்தக் குரலில் ஆர்டர் போன வருத்தம் நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் அவள் கத்தரிக்கோலை எடுத்ததும் கூடவே வந்து, பேனரை ஆடாமல் பிடித்துக்கொண்டார்.

"குடும்மா, நான் வெட்டறேன்."

"வேணாம். நீங்க வெட்டினா தொழில் பாசம் வந்து ஓரமா வெட்டுவீங்க."

இடது கையால் கத்தரிக்கோலைப் பிடித்து, ஸ்கூட்டரில் உட்கார்ந்தால் கண் எந்த உயரத்துக்கு வருமோ அந்த உயரத்தில் வெட்டினாள். அங்கே இருந்தது செயலாளரின் முகம். நெற்றியிலிருந்து தாடைவரை வந்துவிட்டது. ஓட்டை வழியே எதிர்த்தெரு முழுக்கத் தெரிந்தது.

செய்தி எட்டி, செயலாளர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். "என் முகத்தையே வெட்டிட்டீங்களேம்மா!"

"முகம்தான் சார் மறைச்சுது. நீங்க கையெழுத்துப் போட்ட விதி."

"காதையாவது விட்டிருக்கக் கூடாதா?"

"விட்டிருக்கேன் சார். நல்லா பாருங்க."

இரண்டு பக்கமும் இரண்டு காதுகள் பத்திரமாக இருந்தன. அவர் இரண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டு, செருப்பைச் சரியாக மாற்றிக்கொண்டு போனார்.

அதன் பிறகு தெருவுக்கே பொழுதுபோக்கு வந்துவிட்டது. முதலில் பேங்க் சார், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, ஓட்டைக்குள் முகத்தை வைத்து போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு பல் டாக்டர், பல் அத்தனையும் தெரிய. டியூஷன் டீச்சர் புதுப் புடவையில் வந்தார். தண்ணீர் கேன்காரர்கூட ஒரு நாள் புரட்சிச் செயலாளரானார். படங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் வரிசைகட்டின. கடைசியில் செயலாளரின் மனைவியே வந்து, பேனரை அவிழ்த்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

கட்டுப் பிரித்த வாரம் பேங்க் சாரும் டாக்டரும் ஊசி அக்கா வீட்டுக்கு வந்தார்கள். "அடுத்த செயலாளர் நீங்கதான். தெருவே சொல்லுது."

"வர்றேன். ஆனா பாராட்டு பேனர், வட்டத்துக்குள்ள படம், எதுவும் கிடையாது. சம்மதமா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போனவர்கள்தான்.

தேர்தலில் பழைய செயலாளரே போட்டியின்றி வந்தார். அவள் கணவர் மட்டும் ஒரு வாரமாகப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினார்.

"ஆர்டர் வரும், வரும்" என்றாள் அவள். "வந்தா மாட்டேன்னு சொல்லுவீங்களா?"

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு கடைக்குக் கிளம்பினார்.