திராட்சைக் கொடிகளுக்கு நடுவே ஆறு வண்டிகள்

நாலரை மணிக்குச் சுற்றுலாக்காரர்கள் ஆறு பேரும் வந்து சேர்ந்தார்கள். சித்கி ஒருவர் பெயரையும் கேட்கவில்லை. பதினோரு வருஷமாக அவன் யார் பெயரையும் கேட்டதில்லை. நாலு சக்கர மோட்டார் வண்டியின் நெற்றியில் வெள்ளைச் சாயத்தில் எழுதியிருக்கும் எண்தான் பெயர். வழிகாட்டியாக முன்னால் அவன் ஓட்டும் வண்டி எண் ஒன்று. பின்னால் வருகிறவர்கள் இரண்டிலிருந்து ஏழு வரை. பள்ளத்தாக்கைச் சுற்றி முடித்து அவர்கள் விடுதிக்குப் போன பிறகு எண் மட்டும் வண்டியில் தங்கும். மறுநாள் அதே எண்ணில் வேறொருவர் வந்து உட்காருவார், அதே கேள்வியைக் கேட்பார்.

இரண்டாம் எண் ஒரு பெண், வெள்ளைக் கவுன் போட்டு வந்திருந்தாள். புழுதியில் உருளப்போகிற வண்டிக்கு வெள்ளைக் கவுன். மூன்று அவளுடைய புருஷன், கிளம்புகிற வரைக்கும் அவளைப் படம் பிடித்துக்கொண்டே இருந்தான். ஐந்தும் ஆறும் வயதான சகோதரிகள். ஏழு ஒரு தடியன், தலைக்கவசம் தலைக்குப் பற்றவில்லை என்று கால் மணி நேரம் குறைபட்டான். தலை பெரிசாக இருந்தால் உள்ளே ஏதாவது இருக்கும் என்று சித்கி ஒரு காலத்தில் நினைத்ததுண்டு.

நாலுதான் முக்கியமான ஆள். கவசத்தின் உச்சியில் குட்டி கேமரா ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தான். அவன் எடுக்கிற படத்தை லட்சக்கணக்கான பேர் பார்க்கிறார்களாம். முதலாளி ஜெவ்தெத் காலையிலேயே சித்கியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டான். அந்த ஆள் எதைக் கேட்டாலும் செய், முகம் சுளிக்காதே, அண்ணே.

துருக்கியின் கப்பதோக்கியாவில் சூரியன் தினமும் ஒரே மலைக்குப் பின்னால்தான் விழுகிறது. அதில் விசேஷம் ஒன்றும் இல்லை. சித்கியின் அப்பன் காலத்தில் சூரியன் இறங்கினால் கழுதையை அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். இப்போது அதைப் பார்க்க உலகத்தின் மறுபக்கத்திலிருந்து விமானம் ஏறி வருகிறார்கள். கூம்புப் பாறைகளுக்கு நடுவே ஒருத்தர் கிளப்பிய புழுதியை அடுத்தவர் விழுங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் ஓட்டுகிறார்கள். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் சித்கி இருபது வருஷம் நுரைக்கல் குவாரியில் இருந்தவன். அங்கே தூசியை விழுங்கினால் கூலி கொடுத்தார்கள். இங்கே தூசியை விழுங்க இவர்களே காசு கொடுக்கிறார்கள். இதைவிடப் பெரிய மடத்தனத்தை அவன் பார்த்ததில்லை. அந்த மடத்தனத்தில்தான் தன் வீட்டு அடுப்பு எரிகிறது என்பதும் அவனுக்குத் தெரியும். அதனால் வெறுப்பு குறையவில்லை, கூடத்தான் செய்தது.

ஜெவ்தெத் மேல் இருந்த வெறுப்பு வேறு மாதிரி. அவன் அப்பன் கழுதை மேல் உப்பு மூட்டை வைத்து விற்ற ஆள். மகன் இன்று தோல் சட்டை போட்டுக்கொண்டு நாற்பது வண்டிக்கு முதலாளி. ஆனால் வண்டி வைத்திருப்பவர்கள் ஊரில் இருபது பேர். இருபது பேரும் தங்கள் கூட்டத்தை ஒரே மேட்டுக்குத்தான் ஓட்டி வருகிறார்கள். சூரியன் இறங்குகிற நேரத்தில் அந்த மேட்டில் வெட்டிப்போட்ட ஆட்டுக்குடலில் ஈ மொய்ப்பது போல வண்டிகள் மொய்க்கும். தனக்கு மட்டும் ஒரு இடம் வேண்டும் என்று ஜெவ்தெத் தேடினான். தேடி, சித்கியின் பெண்டாட்டி ஹசீபேயின் திராட்சைத் தோட்டத்தில் வந்து நின்றான்.

தோட்டம் செம்பள்ளத்தாக்கின் மேல், அலமாரித் தட்டு மாதிரி நீண்டு கிடக்கிற ஒரு துண்டு நிலம். ஹசீபேயின் அப்பா மகளுக்கு எழுதிவைத்தது. அதன் கோடியில் நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கக் காலடியில் தெரியும், பக்கத்தில் ஒரு ஜனம் இருக்காது. நடுவில் ஒரு வண்டி போகிற அகலத்துக்குப் பாதை விட்டால் போதும் என்றான் ஜெவ்தெத். ஏப்ரலில் கேட்டான். கேட்டுச் சொல்கிறேன் என்றான் சித்கி. ஹசீபேயிடம் அவன் கேட்கவேயில்லை. மே போனது, ஜூலை போனது, செப்டம்பர் கடைசியும் வந்துவிட்டது. போன வாரம் ஜெவ்தெத் நேராகவே சொன்னான்.

"பருவம் முடியறதுக்குள்ள ஒரு பதில் சொல்லுண்ணே. இல்லன்னா அடுத்த ஏப்ரல்ல நான் வேற ஆளப் பாத்துக்கறேன். தப்பா நெனச்சுக்காத."

சித்கிக்கு ஐம்பத்துநாலு வயது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். இதை விட்டால் திரும்பவும் குவாரிதான். தோட்டமா வேலையா என்பதை யோசிக்காமல் இருப்பதற்காகவே அந்த வாரம் முழுக்க அவன் சுற்றுலாக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தான். மனசுக்குள்தான். வாயால் திட்டுகிற தைரியம் அவனுக்கு எப்போதும் இருந்ததில்லை.

அன்று புறாப்பாறைகளைத் தாண்டி, தோட்டத்துக்கு ஏறுகிற மண்சரிவுக்குக் கீழே வந்தபோது சகோதரிகளில் ஒருத்தி, ஆறாம் எண், ஓடைக்குள் சக்கரத்தை இறக்கிவிட்டாள். அது வறண்ட ஓடை, முழங்கால் ஆழம்கூட இல்லை. அந்த அம்மாள் கப்பல் கவிழ்ந்த மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சித்கி கையைக் காட்டி வரிசையை நிறுத்திவிட்டு, இறங்கிப் பின்னால் நடந்தான். அவளை இறக்கி, பின்பக்கம் தோள் கொடுத்து வண்டியைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது முன்னாலிருந்து நாலு கூப்பிட்டான். மண்சரிவைச் சுட்டி, மேலே போகலாமா என்று கையால் கேட்டான்.

சித்கிக்கு இரண்டு கையும் வண்டியில். தாடையை மேலே தூக்கினான், புருவத்தை உயர்த்தினான், நாக்கால் ஒரு ச்சு கொட்டினான். துருக்கியில் தொட்டில் குழந்தைக்குக்கூட இது புரியும். கூடாது என்று அர்த்தம். வேறு அர்த்தம் கிடையாது.

ஆனால் சித்கியின் வாயைப் புழுதித்துணி மூடியிருந்தது, புருவம் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. நாலுக்குத் தெரிந்தது தாடை மட்டும்தான். அது மேலே போயிற்று. மேலே போ என்று சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு முறுக்கினான். அவன் பின்னால் இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு. ஆட்டுமந்தைகூட ஒரு நிமிஷம் நின்று மோப்பம் பிடித்துவிட்டுத்தான் போகும். ஓடையிலிருந்து ஏறின ஆறும், ஒரு நன்றிகூடச் சொல்லாமல் அவர்கள் பின்னாலேயே போய்விட்டாள்.

சித்கி கத்தினான். ஏழு வண்டி எஞ்சின் சத்தத்தில் அது அவன் காதுக்கே எட்டவில்லை. தன் வண்டி வரைக்கும் ஓடுவதா, நேராக மேலே ஓடுவதா என்று தடுமாறி, நேராகவே ஓடினான். பாதியில் நெஞ்சு அடைத்தது.

அந்தப் பக்கத்துத் திராட்சைக்குப் பந்தல் கிடையாது, கம்பி கிடையாது. கொடி தரையிலேயே படுத்திருக்கும், பழம் இலைக்கு அடியில் மண்ணை ஒட்டிக் கிடக்கும். தெரியாதவன் கண்ணுக்கு அது ஏதோ காட்டுப்புதர். ஆறு பேருக்கும் அப்படித்தான் தெரிந்திருக்க வேண்டும். நேர்க்கோட்டில் ஓட்டிப் போய் கோடியில் வண்டியை நிறுத்தி, பள்ளத்தாக்கைப் பார்த்து ஆஹா ஆஹா என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக் கவுன் கையை விரித்து நின்றாள், புருஷன் மண்டியிட்டுப் படம் எடுத்தான். அவன் முழங்காலுக்கு அடியில் ஒரு குலை நசுங்கிச் சாறு ஓடியது. ஈரமாக இருக்கிறதே என்று குனிந்து பார்த்துத் துடைத்துக்கொண்டான்.

தோட்டத்தின் நடுவில் ஹசீபே ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள். அன்றுதான் அறுப்பு ஆரம்பித்திருந்தாள். பாதி நிலம் முடிந்திருந்தது. மீதியில்தான் வண்டிகள் ஏறியிருந்தன. அவள் கத்தவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. கையில் அறுப்புக்கத்தி இருந்தது.

"யாருய்யா இதுங்க?"

"என்கூட வந்தவங்க."

"நீயா கூட்டிட்டு வந்த?"

"இல்ல. வேணாம்னுதான் சொன்னேன்."

"எப்பிடிச் சொன்ன?"

மூச்சு இன்னும் அடங்காமல் அவன் தாடையைத் தூக்கிக் காட்டினான். காட்டும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அவனுக்கே தெரிந்தது.

"பதினோரு வருஷமா இதுங்களோட சுத்தற. மோவாயத் தூக்குனா இதுங்களுக்கு வெளங்கும்னு நெனச்சியா? கோழியத் தொரத்தவே வாயத் தொறக்கணும்யா." அவள் கத்தியைப் பாவாடையில் துடைத்தாள். "ஜெவ்தெத் கேட்டதும் எனக்குத் தெரியும். அவன் பொண்டாட்டி ரொட்டி சுடற எடத்துல எல்லார் முன்னாடியும் சொன்னா. ஏப்ரல்லேருந்து பாத்துட்டு இருக்கேன், நீ எப்ப வாயத் தொறப்பன்னு."

சித்கி பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. ஜெவ்தெத்தான். நாலு மேலே வந்த சூட்டோடு படத்தை அனுப்பிவிட்டான் போலிருக்கிறது. ஜெவ்தெத்தின் குரல் தேனாக ஒழுகியது. பக்கத்தில் இருந்த ஹசீபேக்கும் கேட்டது.

"அண்ணே, பின்னிட்டண்ணே. நான் நாலு தடவ கேட்டதுக்கு, நீ நல்ல ஆள் வந்தப்ப தொறந்து விட்டுட்ட. படத்துல நீ தலையாட்டி மேல அனுப்பறது தெளிவா இருக்கு."

"அது வேணாம்னு சொன்னது. உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதே. பாக்கப்போற லட்சம் பேருக்கும் தெரியாதே." ஜெவ்தெத் மெதுவாகச் சிரித்தான். "தடம் விழுந்தாச்சுண்ணே. இனிமே புதுசா எதையும் நசுக்க வேண்டாம். நாளைலேருந்து அதே தடத்துலயே போயிக்கலாம்."

ஒரே ஊரில் பிறந்தவன், ஒரே ரொட்டியைத் தின்றவன். தாடையைத் தூக்கினால் என்ன அர்த்தம் என்று தாய்ப்பாலோடு கற்றவன் அதை மாற்றிப் படிக்கிறான். நாலு மடையன், அவனை மன்னிக்கலாம். இவன் மடையனும் இல்லை. சித்கி பேச்சு முடியும் முன்னாலேயே போனை அணைத்துப் பையில் போட்டான்.

பிறகு கோடிக்கு நடந்து போய் ஒவ்வொரு வண்டியிலிருந்தும் சாவியை உருவினான். ஆறு சாவி. ஏழு என்னவோ கேட்டான். சித்கிக்கு ஆங்கிலத்தில் ஆறேழு வார்த்தைதான் தெரியும். அதில் இரண்டைச் சொன்னான். இறங்கு, தள்ளு. கையாலும் காட்டினான், இந்தத் தடவை யாருக்கும் சந்தேகம் வராதபடி.

ஒரு வண்டிக்கு மூன்று பேர் என்று பிரித்துவிட்டு, கொடிக்கும் கொடிக்கும் நடுவிலிருந்த சந்துகளில் வளைத்து வளைத்து வெளியே தள்ளவைத்தான். கொடிமேல் ஒரு கால் படப்போனால் தோளைப் பிடித்து இழுத்தான். அந்த நேரம் பார்த்துச் சூரியன் இறங்கியது. பள்ளத்தாக்கு செம்பாகச் சிவந்தது. அதற்காகவே கடல் தாண்டி வந்தவர்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வண்டி தள்ளினார்கள். ஐந்து ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சித்கி முன்னால் கையை நீட்டினான். திரும்பவும் தள்ளினாள்.

இது அவர்களுக்கு உறைக்கும், அவமானமாக இருக்கும் என்று அவன் நினைத்தான். அதிலும் ஏமாந்தான். மூன்றாவது வண்டி வெளியே வந்தபோது அவர்கள் சிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். ஏழு பாட்டுப் பாடி எல்லாரையும் தாளத்துக்குத் தள்ளவைத்தான். வெள்ளைக் கவுன் இடுப்பு வரைக்கும் திராட்சைச் சாறாக இருந்தது, அதையும் படம் எடுத்துக்கொண்டார்கள். இவர்களை அவமானப்படுத்தக்கூட முடியாது என்று அவனுக்கு ஆயாசமாக வந்தது. எதைக் கொடுத்தாலும் தின்கிறவர்கள்.

சரிவுக்குக் கீழே ஜெவ்தெத் தன் ஜீப்போடு வந்து நின்றிருந்தான். நாலு ஓடிப்போய் அவன் கையைக் குலுக்கினான், பிறகு சித்கியைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினான். என்ன சொன்னான் என்று ஜெவ்தெத் மொழிபெயர்த்தான். உலகத்தில் எங்கேயும் இப்படி ஒரு அனுபவம் கிடைத்ததில்லையாம். ஜெவ்தெத்தின் கண் பளபளத்தது. இதையே சுற்றுலாவில் சேர்த்துவிடலாம், கடைசி அரை மணி நேரம் தோட்டத்தில் தள்ளுவது, ஹசீபே அண்ணி பெட்டிமேல் அதேமாதிரி உட்கார்ந்திருந்தால் போதும் என்றான்.

சித்கி ஆறு சாவியோடு தன் வண்டிச் சாவியையும் ஜீப்பின் மூக்கில் கொட்டினான்.

"தோட்டத்துக்குள்ள உன் வண்டி வராது. இதுங்கள நீயே கூட்டிட்டுப் போ."

ஜெவ்தெத் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரக்கமாகப் பார்த்தான்.

"ஏப்ரல்ல எங்கண்ணே போவ? குவாரிக்கா? சரிவு ஏறினதுக்கே உனக்கு இப்பிடி இரைக்குது."

அது உண்மைதான். இரைத்துக்கொண்டுதான் இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டதால் அவன் மனுஷனாகிவிடுவானா என்ன. சித்கி திரும்பி மேலே ஏறினான். நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினான். கீழே எஞ்சின்கள் ஒவ்வொன்றாகக் கிளம்புகிற சத்தமும் ஏழின் பாட்டும் கேட்டன.

ஹசீபே நசுங்கின குலைகளைத் தனியாகப் பொறுக்கி அண்டாவில் போட்டுக்கொண்டிருந்தாள். நசுங்கினது காலை வரைக்கும் தாங்காது, புளித்துவிடும். அன்றே பாகு காய்ச்சியாக வேண்டும். பதினாலு கொடி அடிபட்டிருந்தது. இரண்டு வேரோடு பிளந்து கிடந்தன. அவற்றை அவள் தொடவில்லை, பார்க்கவும் இல்லை.

அவன் காலடிச் சத்தம் கேட்டதும் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"வேலைய விட்டுட்டியா?"

"விட்டுட்டேன்."

"ம்." அவள் குரலில் மெச்சுதல் எதுவும் இல்லை. "அங்க கெடக்கறதெல்லாம் மண்ணாயிருச்சு, வுடு. இந்த வரிசையப் பொறுக்கு. வெளிச்சம் போகுது."

அவன் அந்த வரிசையில் குந்தினான்.