மைனஸ் நாலு பேர்

1

இந்தக் கதை எனக்குச் சாப்பாட்டு மேஜையில் கிடைத்தது. நூலகத் தலைமை அலுவலகத்தில் தற்காலிகமாகக் கணினி வேலை பார்க்கும் அக்கா, "கதை எழுதறேன்னு திரியறியேடா, இதை எழுது" என்று தட்டை நகர்த்திவிட்டு அழுதாள். எழுத்தாளனாக நான் முதலில் கவனித்தது, அதில் மிச்சமிருந்த முட்டை. (எடுத்துக்கொண்டேன்.)

முதல் வரி: "வானம் இருண்டிருந்தது." வேண்டாம். அன்று நல்ல வெயில்.

2

கிளை நூலகத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்கு மாதத்துக்கு ஒரே ஓர் எண்தான் உண்டு. அக்காவின் அதிகாரிக்கு நாள்வாரியாக வேண்டுமாம். அதற்கென்றே ஒரு மென்பொருள் வாங்கினார். மாத எண்களைக் கொடுத்தால் போதும். நடுவே வளைவாக ஒரு கோடு இழுத்து, ஒவ்வொரு நாளும் எத்தனை பேர் என்று அதுவே சொல்லிவிடும். தெரியாததைத் தெரிந்த மாதிரியே சொல்வதற்கு எங்கள் கல்லூரியில் செமினார் என்று பெயர்.

தேர்வு மாதம் கூட்டம் பிதுங்கியது. அடுத்த மாதம் வெள்ளையடிக்கப் பூட்டிவிட்டார்கள், வந்தவர் பூஜ்யம். உயரத்திலிருந்து இறங்கிய கோடு பூஜ்யத்தில் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே கீழே போய், ஒரு செவ்வாய்க்கிழமை வந்தவர்கள் மைனஸ் நாலு பேர் என்றது.

3

[இங்கே அதிகாரியை முட்டாளாகக் காட்டியிருந்தேன். அடித்துவிட்டேன். அவர் யோசிக்கிறவர், அதுதான் ஆபத்து.]

"மைனஸ்னா என்னம்மா அர்த்தம்? உள்ள போனவங்களைவிட வெளிய வந்தவங்க நாலு பேர் அதிகம். அப்போ பூட்டின கட்டடத்துக்குள்ள நாலு பேர் குடியிருந்திருக்காங்க!"

"சார், அது கோடு வழுக்கினது சார். ஆளுங்க இல்ல."

"நான் பார்த்துப் பார்த்து வாங்கினது வழுக்குமா? வாட்ச்மேனைக் கூப்பிடு."

அந்தக் கிளை நூலக வாட்ச்மேன் வந்தார். கேட்காமலே சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தார்.

"யாருய்யா அந்த நாலு பேரு?"

அவர் தரையைப் பார்த்தார். "நாலு இல்லீங்க சார், மூணு பேருதான். பொண்ணு, மாப்பிள்ளை, பேத்தி. வீட்டுக்காரர் திடீர்னு காலி பண்ணச் சொல்லிட்டாரு. சுண்ணாம்பு வாடையில புள்ளைக்கு இருமல் வேற. ஒரு வாரம்தான் சார்."

அக்காவின் கை மவுஸ்மேல் அப்படியே நின்றது. அதிகாரியோ, பெற்ற பிள்ளை முதல் மார்க் வாங்கியதுபோல் திரையைப் பார்த்துச் சிரித்தார்.

"பார்த்தியாம்மா? ஒரே ஒரு ஆள்தான் வித்தியாசம்! மென்பொருள் சொன்னது சரின்னு ஒரு அறிக்கை எழுதிக் குடு, அதை வெச்சு இவர்மேல விசாரணை போட்டுடலாம்."

4

(அந்த நாலாவது ஆள் மகளின் வயிற்றில் இருந்ததாக எழுதிப் பார்த்தேன். அக்கா படித்துவிட்டு, "அறைஞ்சேன்னா பாரு" என்றாள்.)

முடிவு ஒன்று: மென்பொருள் தவறு என்று அக்கா அறிக்கை எழுதுகிறாள். விசாரணைக்கு அடிப்படையே இல்லை. வாட்ச்மேன் தப்பிக்கிறார். அக்காவின் தற்காலிக வேலை தற்காலிகமாகவே முடிகிறது.

முடிவு இரண்டு: சரி என்று எழுதுகிறாள். அக்கா நிரந்தரம். வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மகள் குடும்பமும் இப்போது அங்கேதான் இருப்பதால், அந்த வீட்டில் எல்லோரும்…

முடிவு மூன்று: அதிகாரியின் மனம் இளகுகிறது. (சிரிக்காதீர்கள். இதையும் எழுதிப் பார்க்க வேண்டியது என் கடமை.)

5

"என்னக்கா எழுதப்போறே?"

"நீதானே எழுத்தாளன், நீ சொல்லு."

"நாளைக்கு அனுப்பப்போறது நீதானே?"

"அப்ப வாயை மூடிட்டு இரு."

அவளுடைய மடிக்கணினி மேஜையில் திறந்தே இருக்கிறது. "மேற்படி மைனஸ் நாலு பேரும்" என்று அடித்து நிறுத்தியிருக்கிறாள். என்னிடம் இருக்கும் புள்ளிகள் இவ்வளவுதான். மீதிக் கோட்டை நீங்கள் இழுங்கள். யாரும் பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் இழுக்க முடிகிறதா என்று பாருங்கள்.

எனக்கு வரவில்லை.