பதினேழரை நம்பர் வாசகி

தையல்காரி வெள்ளிக்கிழமைதோறும் அனுப்பிவந்த மின்மடல்களில் ஒன்பதாவதைத் திறந்த இருநூற்றுப் பதினான்கு பேரின் வீடுகளிலும், அறுந்துபோயிருந்த பொத்தான்கள் அன்று மாலைக்குள் தைக்கப்பட்டிருந்தன. யாரும் வந்து தைக்கவில்லை. அலமாரியைத் திறந்தால் சட்டையில் பொத்தான் இருந்தது, அவ்வளவுதான். நூலின் நிறம்கூடப் பிசகவில்லை. மடலைத் திறக்காமலே அழித்தவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. பத்தாவது வெள்ளிக்கிழமையும் இப்படியே ஆனபோது, மின்மடல் தளத்தில் புதிதாகக் கொண்டுவந்திருக்கும் வசதி போலிருக்கிறது என்று ஊர் நினைத்துக்கொண்டது. பன்னிரண்டாவது வாரம் தையல்காரி கட்டணச் சந்தா ஒன்றையும் ஆரம்பித்தாள். இலவசமாகப் படிப்பவர்களுக்குப் பொத்தான். சந்தா கட்டியவர்களுக்கு பேண்ட் ஓரமும் ஜிப்பும். எல்லாம் வீட்டிலேயே நடந்துவிட்டால் கடைக்கு யார் வருவார்கள் என்று கேட்கத் தோன்றும். ஓசியில் பொத்தான் வந்த கூச்சத்தில்தான் ஜனங்கள் வந்தார்கள். கோட்டு, திரைச்சீலை, சோபா உறை என்று கையில் அகப்பட்டதையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள்.

அந்த வரிசை பக்கத்துக் கடையின் வாசலை மறைத்தது. பக்கத்துக் கடையில் தையல்காரியின் அக்கா மெத்தை தைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வயிறு எரிந்தது. இரண்டும் முன்பு அப்பாவின் ஒரே கடையாக இருந்தவை. அவர் போனபின் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல் தங்கைக்குப் போயிற்று, அக்காவுக்கு ஒரு ட்யூப்லைட் மிஞ்சியது. சீட்டை மடித்ததில் தில்லுமுல்லு என்று அக்கா சொன்னாள். தங்கை பதில் பேசவில்லை. பதில் பேசாதவர்களை மன்னிப்பது கஷ்டம். நடுவில் சுவர் எழும்பியது, பதினேழு, பதினெட்டு என்று கதவு எண்கள் வந்தன, அதன்பிறகு மூன்று வருடம் இருவரும் பேசிக்கொண்டது “தண்ணி வந்துடுச்சா?”, “வந்துடுச்சு” என்பது மட்டும்தான்.

தங்கை அப்படி என்னதான் எழுதிக் கிழிக்கிறாள் என்று பார்க்கவே மெத்தைக்காரி அந்த மடலில் சேர்ந்தாள். சொந்தப் பெயரில் சேர மானம் இடம் கொடுக்கவில்லை. பெயர் கேட்ட இடத்தில் ‘ஒரு வாசகி’ என்று போட்டாள். அடுத்ததாகத் தளம் கதவு எண்ணும் கேட்டது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். கை தடுமாறி, அதே தெருவில் பதினேழரை என்று அடித்துவிட்டாள். பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தன் சாம்பல் நிறச் சட்டையிலிருந்து ஒரு பொத்தானை அறுத்து, சட்டையை நாற்காலியில் போட்டுவைத்துவிட்டு, பத்து மணிக்கு மெஷினை நிறுத்திக் கைபேசியை எடுத்து, மடல் வந்த நிமிடமே திறந்தாள். ஊரெல்லாம் நடந்த அதிசயம் அவள் நாற்காலியில் மட்டும் நடக்கவே இல்லை. அறுத்ததை ராத்திரி தானே திரும்பத் தைத்துக்கொண்டாள். ‘இதிலயும் ஓரவஞ்சனை’ என்று அவள் கறுவிக்கொண்டிருந்த ஐந்தாவது வாரம், இரண்டு கடைகளுக்கும் நடுவே ஒரு முழம் அகலத்துக்குக் கதவு ஒன்று வந்திருந்தது. பச்சைக் கதவு. மேலே பதினேழரை என்று எழுதியிருந்தது. தபால்காரர் ஒரு நாள் தயங்கினார், மறுநாள் அதிலும் விளம்பரத் தாளைச் செருகிவிட்டுப் போனார்.

சும்மா இருப்பாளா? மெத்தைக்காரி தானும் ஒரு மின்மடல் தொடங்கினாள். பஞ்சின் தரம், உறையின் தரம், தையலின் தரம் என்று ஒன்றுவிடாமல் எழுதி, அடியில் ‘மெத்தை வாங்க இங்கே தொடவும்’ என்று போட்டாள். படித்தவர்கள் எல்லோரும் நாலாவது வரியில் தூங்கிப்போனார்கள். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை என்று விஷயம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் வரிசையில் நின்றபடி படித்த ஒரு வக்கீல் நின்றவாக்கிலேயே இரண்டு மணிநேரம் குறட்டை விட்டார். தூங்கி எழுந்தவர்கள் பத்து வயது குறைந்த முகத்தோடு எழுந்தார்கள். ஒருவர்கூடக் கடைசி வரிக்கு வந்து சேராததால் ஒரு மெத்தைகூட விற்கவில்லை. நாற்பத்தோரு வாசகர்களோடு அந்தப் பட்டியல் நின்றுவிட்டது. அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கக்கூட அவளுக்கு மனம் வரவில்லை.

இதற்கு நடுவில்தான் தங்கையின் மடல்களில் அந்தப் பெண் தலைகாட்ட ஆரம்பித்தாள். முதலில் ஒரு வரி: பதினேழரை நம்பர் வாசகி மடலைத் திறந்துவிட்டார் என்று தளம் காட்டிய பிறகுதான் எனக்குத் தேநீர் இறங்குகிறது. பிறகு ஒரு பத்தி: உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது, குனிந்து வேலை செய்யும்போது ஒரு தலையணையாவது வைத்துக்கொள்ளுங்கள். போகப்போக மடலே அவளுக்குத்தான் என்பதுபோல் ஆகிவிட்டது. சின்ன வயதில் மழையில் நனைந்தது, அப்பா இருவரையும் கட்டிங் மேஜைமேல் உட்காரவைத்தது, எல்லாம் அவளுக்குச் சொல்லப்பட்டது. மெத்தைக்காரிக்குத் தாங்கவில்லை. அந்த வாசகி தானேதான் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் பொறாமைப்பட்டாள். எனக்கும்தான் முதுகு வலிக்கிறது, ஒரு நாள் கேட்டிருப்பாளா? ஊர் பேர் தெரியாத ஒருத்தியிடம் என்ன குழைவு! போதாக்குறைக்கு அந்த ஒரு முழக் கதவின் சந்தில் வெளிச்சம் வேறு தெரிந்தது. உள்ளே ஒருத்தி இருக்கிறாள், தன் பங்குப் பாசத்தையெல்லாம் உட்கார்ந்து தின்கிறாள் என்று அவள் உறுதியாக நம்பத் தொடங்கினாள்.

மடல் தொடங்கி ஒரு வருடம் கழித்து, தங்கை கடையை மெயின் ரோட்டுக்கு மாற்றப்போவதாக எழுதினாள். இடம் போதவில்லை, மாதக் கடைசியில் கிளம்புகிறேன் என்று நாலே வரி. அதன் கீழே: “பதினேழரை நம்பர் வாசகிக்கு. நீங்கள் ஒரு தடவை வந்து ‘போகாதே’ என்று சொல்லியிருந்தால் இருந்திருப்பேன்.” மெத்தைக்காரி கத்தரியைக்கூடக் கீழே வைக்கவில்லை. கூடப் பிறந்தவள் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்க, போகாதே என்று சொல்லும் உரிமை அவளுக்கா? விடுவிடுவென்று வெளியே வந்து, பச்சைக் கதவைத் தள்ளிக்கொண்டு பக்கவாட்டில் உள்ளே நுழைந்தாள்.

தங்கை அங்கே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வேறு யாரும் இல்லை.

“யாரைப் பாக்க வந்தே?” என்றாள் தங்கை.

“உன் வாசகியைத்தான். மூஞ்சிக்கு நேரா ரெண்டு வார்த்தை கேக்கணும்.”

“நானும் அவளுக்காகத்தான் உக்காந்திருக்கேன். மாசக்கணக்கா. வரவே மாட்டேங்குறா.”

“அவ வரமாட்டா. அப்படி ஒருத்தி இல்லவே இல்ல. அது நான்தான். போதுமா?”

“தெரியும்க்கா.”

அக்காவுக்குக் கோபத்தில் பாதி அங்கேயே வடிந்தது. “எப்படி?”

“வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு உன் மெஷின் சத்தம் நிக்கும். அடுத்த நிமிஷம் பதினேழரை திறந்தாச்சுன்னு காட்டும். இதுக்கு ஜோசியமா பாக்கணும்?”

“தெரிஞ்சே அவகிட்ட குழைஞ்சியா? என்கிட்ட ஒரு வார்த்தை பேசறதுக்கு என்ன?”

“உன்கிட்ட பேசினா நீ சீட்டுக் கதையை எடுப்பே. அவ எடுக்க மாட்டா.”

அப்போதுதான் மெத்தைக்காரி சுவரைப் பார்த்தாள். இரண்டு பக்கச் சுவரிலும், மேலிருந்து கீழாக, பொத்தான்கள் வரிசையாகத் தைக்கப்பட்டிருந்தன. சாம்பல் நிறப் பொத்தான்கள். அவள் வாராவாரம் அறுத்தவற்றின் ஜோடி ஒவ்வொன்றும், அவள் கொடுத்த விலாசத்துக்கே ஒழுங்காக வந்து சேர்ந்து, தைக்கச் சட்டை இல்லாததால் சுவரின் சுண்ணாம்பில் ஏறியிருந்தது. ஒவ்வொன்றும் சுவரிலேயே வெட்டிய காஜாத் துளையில் மாட்டியிருந்தது, துளையின் ஓரம் பிசிறில்லாமல் நூல் ஓடியிருந்தது. தன் பள்ளிக்கூடச் சட்டைக்கு இதே மாதிரி நாலு சுற்றுச் சுற்றித் தைத்துக் கொடுத்தவள் தங்கைதான் என்பது அவளுக்கு நினைவு வந்தது. அழுகை வந்தது, அழுதாள்.

“போகாதேடி,” என்றாள்.

தங்கை எழுந்து தன் பக்கத்துச் சுவரின் மேல் பொத்தானைக் கழற்றினாள். அக்கா தன் பக்கம் ஆரம்பித்தாள். அரைமணி நேரத்தில் இரண்டு சுவர்களும் முன்பக்கம் திறந்த சட்டைபோல் விலகிக்கொண்டன. மூன்று வருடத்தில் முதல் தடவையாகப் பெரிய ஜன்னலின் வெயில் மெத்தைக் கடையின் தரைவரை வந்து விழுந்தது.

கடை மெயின் ரோட்டுக்குப் போகவில்லை. ‘மெத்தை வாங்க’ என்ற வரியை அக்காவின் மடலில் உச்சியில் வைக்கச் சொன்னது தங்கைதான். அவளும் அந்த நாற்பத்தோரு வாசகர்களில் ஒருத்தி, சொந்தப் பெயரிலேயே. தூக்கம் வராத நாளில் அக்காவின் மடலைத்தான் திறப்பாளாம். இப்போது ஜனங்கள் முதலில் மெத்தைக்குச் சொல்லிவிட்டுப் பிறகு தூங்குகிறார்கள். தன் பட்டியலில் ‘ஒரு வாசகி’ என்ற பெயரை மாற்றிவிடட்டுமா என்று தங்கை ஒரு தடவை கேட்டாள். “வேண்டாம். எனக்குன்னு எழுதினா திட்டித்தான் எழுதுவே. அவளுக்கே எழுது,” என்று அக்கா சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இன்றும் மெஷின் நிற்கிறது, அந்த ஒருத்தியின்மேல் அவளுக்கு லேசாக வயிறு எரிவதும் நிற்கவில்லை. நகராட்சியிலிருந்து அளக்க வந்தவர் பொத்தான்களை எண்ணிக் குறித்துக்கொண்டு போனார். மழைக்காலத்தில் ஜன்னல் சாரல் மெத்தையில் அடிக்கும் என்று சுவரின் மேல் பொத்தான் இரண்டை மட்டும் போட்டுவைக்கிறார்கள்.