தொட்டிக்கு உயிர் வந்த ஒன்பது நாள்

பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு, ஜனவரி பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வேலைக்குத் திரும்பினேன். பெங்களூரு வைட்ஃபீல்டில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு நான்தான் ஆபரேட்டர். எஸ்.டி.பி. என்று சொன்னால்தான் அங்கே எல்லோருக்கும் புரியும்.

இரும்புப் படியில் இறங்கும்போதே மூக்கில் ஃபினாயில் ஏறியது. தொட்டியை எட்டிப் பார்த்தேன். ஊருக்குக் கிளம்பிய அன்று திக்கான டீ நிறத்தில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. மேலே இடுப்பளவு வெள்ளை நுரை. மூலையில் பதினைந்து காலி கேன்கள்.

அந்தப் பழுப்பு நிறம் அழுக்கு இல்லை. கோடானுகோடி நுண்ணுயிர்கள். வீடுகளிலிருந்து வருவதையெல்லாம் தின்று தண்ணீரைத் தெளியவைப்பது அவைதான். நான் செய்வது அவற்றுக்கு நேரத்துக்குக் காற்று கொடுப்பது மட்டும்.

சங்கச் செயலாளர் ரகுராமைத் தேடிப் போனேன். கரூர்க்காரர், சாஃப்ட்வேர் வேலை, வீட்டிலிருந்தே பார்ப்பவர்.

"சார், தொட்டியில யாராவது ஃபினாயில் ஊத்தினாங்களா?"

"யாராவது என்ன, நான்தான் ஊத்தச் சொன்னேன்" என்றார், பாராட்டை எதிர்பார்க்கும் முகத்தோடு. "சங்கராந்திக்கு லான்ல கோலப் போட்டி. கெஸ்ட் எல்லாம் வந்திருந்தாங்க. லான் ஓரத்துலேர்ந்து எட்டி அந்தக் கலரைப் பார்த்தா யாருக்கும்மா சாப்பிடப் பிடிக்கும்? பதினைஞ்சு கேன் ஃபினாயில், ஒரு மூட்டை ப்ளீச்சிங் பவுடர். பளிச்சுனு ஆயிடுச்சு, பாத்தியா?"

"பளிச்சுனு ஆகல சார். செத்துடுச்சு."

"எது?"

"எல்லாமே."

அவர் சிரித்தார். அன்று சாயங்காலத்துக்குள் சிரிப்பு நின்றுவிட்டது. சுத்திகரித்த தண்ணீர்தான் எல்லா வீட்டு ஃப்ளஷ் டேங்குக்கும் போகிறது. பட்டனை அழுத்தினால் அழுகிய முட்டை நாற்றம். வாட்ஸ்அப் குழுவில் நூற்று நாற்பது புகார்கள்; அதில் பாதி தரைத்தளத்து மௌரீன் ஆன்ட்டி போட்டவை. கமிட்டி கூடி முடிவு செய்தது: குடியரசு தினத்தன்று கொடியேற்றியதும் பொதுக்கூட்டம். நிலையத்தை வெளிக் கம்பெனி ஒன்றிடம் விடுவதா என்று வாக்கெடுப்பு. விட்டால் எனக்கு வேலை இல்லை.

"எனக்கு வேற வழி தெரியல, தாரணி" என்றார் ரகுராம்.

"ஒன்பது நாள் இருக்கு சார். அதுவரைக்கும் ஒரு சொட்டு ஃபினாயில் உள்ள வரக்கூடாது. அதை மட்டும் பார்த்துக்கங்க."

அவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட முடியவில்லை. இரவு உட்கார்ந்து தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு கடிதம் எழுதி, காலையில் நகல் எடுத்து, இருநூற்றுப் பன்னிரண்டு கதவுகளுக்கு அடியிலும் தள்ளினேன்.

"ஐயா, அம்மா, வணக்கம். நீங்கள் சாப்பிட்டது குழாய் வழியாக என்னிடம் வருகிறது. அதைத் தின்று தண்ணீரைத் தெளியவைத்த நுண்ணுயிர்கள் இறந்துவிட்டன. புதிதாக வளர்க்கிறேன். அவை பச்சைக் குழந்தைகள். ஆசிட், ப்ளீச்சிங், ஃபினாயில் மூன்றும் ஒன்பது நாளைக்கு வேண்டாம். கழிப்பறையைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தால் போதும். இப்படிக்கு, தாரணி, எஸ்.டி.பி."

சனிக்கிழமை லாரி வைத்துத் தொட்டியில் பாதியை இறைத்தோம். தோட்டக்காரர் ரெமிஜியஸ் அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவர். பின்பக்கப் பாத்தியில் என் தண்ணீரில் அவர் வளர்க்கும் கீரைக்கு, அவர் வாயில் கன்னடத்துச் 'சொப்பு', ஞாயிறு காலையில் அடிதடியே நடக்கும்.

"இன்னாமா தாரணி, என் தண்டுசொப்பு நுனியெல்லாம் கருகிப்பூட்ச்சே. இன்னா பண்ணாங்க உன் கொழம்ப?"

சொன்னேன்.

"அடப்பாவி! அப்ப அவங்க துன்றது உன்னாண்ட வருது, உன் பூச்சிங்க துன்றது என்னாண்ட வருது, என் சொப்பு மறுபடி அவங்க தட்டுக்குப் போவுது. நடுவுல போயி எவனாச்சும் ஃபினாயில் ஊத்துவானா? அவன் சோத்துல அவனே ஊத்திக்கினான்!"

இதை நான் ஒரு பக்கத்துக்கு எழுதியிருப்பேன். அவர் ஒரு மூச்சில் முடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துத் தெருக் குடியிருப்பின் ஆபரேட்டர் ஜாய்சன் தன் தொட்டியிலிருந்து பத்து டிரம் உயிருள்ள சேற்றைக் கொடுத்தான். குட்டி யானை வண்டியில் ஏற்றி வந்தோம். கேட்டில் செக்யூரிட்டி மறித்தான்.

"இதுல என்ன?"

"பாயசம்பா" என்றார் ரெமிஜியஸ் அண்ணன். "ஒரு டம்ளர் குடிக்கிறியா?"

வண்டி உடனே உள்ளே போயிற்று.

திங்களன்று வர்த்தூரில் ஒரு மாட்டுக் கொட்டகையிலிருந்து நான்கு மூட்டைச் சாணி. கரைத்து, வடிகட்டி, ஊற்றினேன். இருபது கிலோ வெல்லத்தையும் கரைத்து ஊற்றும்போது அண்ணன் ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"எனக்கு டீக்குச் சக்கர கூடாதுன்னு டாக்டர் சொல்றான். உன் பூச்சிங்களுக்கு வெல்லப்பாகு. குடுத்து வெச்ச பூச்சிங்க."

செவ்வாய், வெள்ளை நுரை. புதன், வெள்ளை நுரை. நோட்டில் இரண்டு நாளும் ஒரே வரியை எழுதினேன். பயம் வந்தது என்பதை எழுதவில்லை. வியாழன் காலை நுரை முழங்கால் அளவுக்கு இறங்கியிருந்தது. தண்ணீர், பால் தூக்கலான டீ மாதிரி. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இன்னும் டிகாஷன் ஏறணும்" என்றார்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் காற்றடிக்கும் ப்ளோயரின் பெல்ட் அறுந்தது.

தொட்டியின் கொதிப்பு அடங்கியது. அந்த அமைதியைப் போல் மோசமான சத்தத்தை நான் கேட்டதில்லை. அரும்பிய உயிர் காற்றில்லாமல் எவ்வளவு நேரம் தாங்கும்? இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம். பெல்ட் வாங்க நான் போனால், காற்று கிடைக்கத் தொட்டியைக் கலக்கிவிட ஆள் இல்லை. ரகுராமுக்கு போன் செய்தேன். மீட்டிங்கில் இருந்தார்.

"சார், மூச்சு நின்னுடுச்சு. பெல்ட் வேணும்."

நம்பரை எழுதிக்கொண்டு பைக்கை எடுத்துக் கிளம்பினார். நானும் அண்ணனும் ஆளுக்கொரு மூங்கில் கழியால் தொட்டியைக் கலக்கிக்கொண்டே இருந்தோம். ஒன்றரை மணி நேரம் கழித்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே ரகுராம் படியில் தடதடவென்று இறங்கினார். தோளில் மாலை போல் பெல்ட்.

"ஹோப் ஃபார்ம் சிக்னல்ல மாட்டிக்கிட்டேன். இன்னும் உயிர் இருக்கா?"

பெல்ட்டை மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். குபுகுபுவென்று கிளம்பியது. மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். ரகுராம்தான் முதலில் சொன்னார்: "பழுப்பா இருக்கு, இல்ல?" பத்து நாளைக்கு முன்பு அந்த நிறத்தை ஒழிக்கக் கேன் கேனாக ஊற்றவைத்தவர்.

ஞாயிற்றுக்கிழமை கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, கூட்டம் தொடங்கியது. தொட்டியிலிருந்து அப்போதுதான் அள்ளிய ஒரு லிட்டர் பழுப்புத் தண்ணீரைக் கண்ணாடி அளவுக் குடுவையில் ஊற்றி மேடை மேசையில் வைத்தேன்.

"கருமம்! அதை ஏன் இங்க கொண்டாந்தே?" என்றார் மௌரீன் ஆன்ட்டி.

"அரை மணி நேரம் குடுங்க ஆன்ட்டி. நீங்க பேசிட்டே இருங்க."

பேச அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? மூன்று மொழியிலும் பேசினார்கள். கம்பெனி வேண்டும் என்றார் ஒருவர். ஃப்ளஷுக்கு டேங்கர் தண்ணீர் போதும் என்றார் இன்னொருவர். ஐந்தாம் நிமிடம் குடுவையின் மேல்பக்கம் ஒரு விரல் அளவு தெளிந்தது. பத்தாம் நிமிடம் நான்கு விரல். முன்வரிசை பேச்சை நிறுத்தியது. பஞ்சு பஞ்சாகத் திரண்ட பழுப்பு, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒரே போர்வையாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இருபதாம் நிமிடம் பின்வரிசையும் எழுந்து வந்துவிட்டது. அரை மணி முடிந்தபோது கீழே முந்நூறு மில்லி பழுப்பு. மேலே எழுநூறு மில்லி, பின்னால் நின்றவரின் சட்டைக் கோடுகளை எண்ணும் அளவுக்குத் தெளிந்த தண்ணீர்.

மௌரீன் ஆன்ட்டி மூக்கைக் குடுவை வாயில் வைத்தார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"மழ பேஞ்ச மண்ணு வாசன வருதே!"

ரகுராம் மைக்கை வாங்கினார். "ஒண்ணு சொல்லணும். தொட்டியைக் கொன்னது நான். ஃபினாயில் ஊத்தச் சொன்னது நான்தான். தாரணி லீவுல இருந்தாங்க. திரும்ப உயிர் குடுத்தது அவங்க." அடுத்த வரியிலேயே வாக்கெடுப்புக்கு வந்தார். "வெளிக் கம்பெனி வேணும்ங்கறவங்க கை தூக்குங்க."

ஒரே ஒரு கை எழுந்தது. அதுவும் டீ கேட்டு.

கைதட்டல் அடங்குமுன் நான் கீழே போய்த் தோட்டத்துக் குழாயின் வால்வைத் திறந்தேன். ஒன்பது நாளாக அடைத்து வைத்திருந்த வால்வு. தண்ணீர் போகிற அதிர்வு உள்ளங்கையில் தெரிந்தது. மேலே ஏறி வந்து பார்த்தால், கூட்டத்தில் பாதிப் பேர் பாத்தியோரம் நின்று ரெமிஜியஸ் அண்ணனிடம் கீரை எப்போது கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாய்க்காலில் ஓடிய தண்ணீரை மண்வெட்டியால் திருப்பிவிட்டு நிமிர்ந்தார்.

"மூணு வாரம் ஆவும். நீங்க வயிறாரத் துன்னுங்க சார், மீதிய நாங்க பாத்துக்கறோம்."