தூக்க ஒரு கை

ராஸ் ஒன்பதாவது பீர் பாட்டிலின் சிவப்பு மூடியைத் திறந்து கோப்பைகளில் ஊற்றினான். அவன் அண்ணன் கெல்வினை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்கள், கையில் சாண்ட்விச்சோடு கெல்வின் வீட்டுக் கூடத்தில் நின்றார்கள். டாஸ்மேனிய மழை அன்றும் விடுவதாயில்லை.

இருபது வருஷமாகக் கெல்வின், கடையில் விற்கும் டப்பாப் பார்லிப் பாகை வெந்நீரில் கரைத்து, சர்க்கரையும் ஈஸ்டும் போட்டு பீர் செய்தவன். ராஸ் ஒருநாளும் அதை வாயில் வைத்ததில்லை. வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை. "தகர டப்பாக் கஞ்சி" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். ஒரு கிறிஸ்துமஸன்று, கொடுத்த கோப்பையை எல்லோர் முன்னாலும் பூந்தொட்டியில் கவிழ்த்தான்.

பத்து நாள் முன்பு கெல்வின் போன் செய்தான்.

"டேய், இனிமே டப்பா இல்ல. முளைகட்டின பார்லியே வாங்கிட்டேன். சூடு ஆறாம இருக்க ஐஸ் பெட்டியில வெந்நீர் ஊத்தி ஒரு மணி நேரம் ஊற வைக்கணும், அவ்வளவுதான். பார்லியப் போட்டு முக்க க்ளெனிஸ் பழைய திரைச்சீலையில பை தைச்சுக் குடுத்திருக்கா. ஞாயித்துக்கிழமை வாயேன். ஊறின பை கனக்குமாம், தூக்க ஒரு கை வேணும்."

"மீன் பிடிக்கப் போறேன். குடிக்கிற மாதிரி ஏதாவது செஞ்சா அப்பக் கூப்பிடு."

புதன்கிழமை காலை கெல்வினுக்கு மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

இப்போது கூடத்தில் ராஸ், அண்ணன் செய்த பீரை முதல்முறையாக ஒரு மடக்குக் குடித்தான். பிறகு நிதானமாக இன்னொரு மடக்கு. கசப்பு அளவாக இருந்தது. தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த அண்ணன் மனைவியிடம் போனான்.

"பாத்தியா க்ளெனிஸ், டப்பாவ விட்டதும் எப்படி வந்திருக்கு. இதத்தான் நான் இத்தன வருஷமா அவன்கிட்ட முட்டிக்கிட்டேன்."

"இது டப்பா பீர், ராஸ். மார்ச்சுல போட்டது. நீ தொட்டியில ஊத்துனியே, அதே டப்பாதான்."

அவன் கோப்பையைப் பார்த்தான்.

"அப்ப பார்லி பீரு?"

"கராஜ்ல இருக்கு. எட்டு நாள்தான ஆச்சு, இன்னும் பொங்கிக்கிட்டிருக்கு."

"பைய யாரு தூக்குனா?"

"எனக்குத்தான் தோள்பட்டை முடியலையே. அவரேதான் தூக்குனாரு."

ராஸ் கராஜுக்குப் போனான். மூலையில், பழைய கம்பளி சுற்றிய பீப்பாயின் மூடிக் குழாயில் ஒரு குமிழி வெடித்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று. மேலே கொக்கியில் பூப்போட்ட திரைச்சீலைப் பை, அலசிக் காயப்போட்டபடி தொங்கியது.

அவன் இரண்டு கைகளாலும் பையின் அடியைத் தாங்கிப் பிடித்து, மெல்ல உயர்த்தினான். கனமே இல்லை.